படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம், பையனுக்கு வீசிங் இருக்கிறது: எப்படிச் சுத்தம் செய்வது?

மடிப்பாக்கம் மீனா · நவம்பர் 26, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டைமாடிதான். தீபாவளிக்குப் பிறகு பிடித்த மழை விட்டபாடில்லை. நேற்று பெருக்குவதற்காக பீரோவை நகர்த்தினால் பின்சுவரில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கியிருக்கிறது. மூலையில் பெயிண்ட் கொப்புளித்து உரிகிறது. அறைக்குள் நுழைந்தாலே ஊறிய துணி வாடை.

பையனுக்கு ஐந்து வயது. வீசிங் இருக்கிறது, டாக்டர் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். இந்த மழையில் ராத்திரி இருமல் அதிகமாகிவிட்டது.

ஹவுஸ் ஓனர், "மழைக்காலம்னா அப்படித்தாம்மா இருக்கும், பொங்கலுக்கு முன்னாடி உள்பக்கம் டேம்ப் ப்ரூஃப் பெயிண்ட் ஒரு கோட் அடிச்சுடலாம்" என்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் கலந்து தேய்த்தால்தான் போகும் என்கிறார். மாமியார் சாம்பிராணி போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி? நானே சுத்தம் செய்யலாமா, ஆள் வைக்க வேண்டுமா?

---

நுரையீரல் வார்டு அக்கா · நவம்பர் 26, இரவு 9:40

மீனா, மற்றதெல்லாம் பிறகு. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒன்றாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய பாத்ரூமில் இப்படிக் கலந்துவிட்டு மூச்சுத் திணறி வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். வினிகரோடு கலந்தாலும் இதே கதைதான். அம்மோனியா இருக்கும் கண்ணாடி கிளீனரோடு பிளீச் சேர்ந்தால் வேறொரு நச்சு வாயு வரும். ஒரே வாளியில் கலக்காவிட்டாலும், ஒன்று ஊற்றிய ஈரம் இருக்கும்போதே அதே இடத்தில் இன்னொன்றை ஊற்றினால் ஆபத்து அதேதான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் இதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். குனிந்து தேய்க்கும் அவர் மூக்குக்குத்தான் அது முதலில் போகும்.

இரண்டாவது, பையனை இன்று ராத்திரியே வேறு அறையில் படுக்க வையுங்கள். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் ஆஸ்துமா கூடும் என்பதில் மருத்துவர்களுக்கு இப்போது சந்தேகம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றியே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உங்கள் பையனின் இருமலுக்கு இந்தச் சுவர்தான் காரணமா என்பதை அவனைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். ஆனால் அவரிடம் சுவர் விஷயத்தைச் சொல்லுங்கள், போட்டோ காட்டுங்கள். மருந்து, தூசி, சளி என்று எல்லாவற்றையும் கேட்பார்கள், சுவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

கறுப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது?

---

மடிப்பாக்கம் மீனா · நவம்பர் 26, இரவு 9:55

பையனை ஹாலுக்கு மாற்றிவிட்டேன் அக்கா. அளந்து பார்த்தேன், அகலம் இரண்டரை அடி, உயரம் மூன்றடி இருக்கும். அதற்குக் கீழே அங்கங்கே சிதறிய புள்ளிகள். இது 2021-இல் கொரோனா சமயத்தில் வந்ததே, அந்தக் கறுப்புப் பூஞ்சை நோயைக் கொடுக்குமா? கணவர் பயந்துபோய் இருக்கிறார்.

---

நுரையீரல் வார்டு அக்கா · நவம்பர் 26, இரவு 10:20

அது வேறு. அப்போது வந்தது மியூகோர்மைகோசிஸ். சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தவர்களுக்கும், ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் வந்தது. சுவரில் தெரிவது பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைகள். நிறத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது, அதைக் கண்டுபிடிக்க லேபுக்கு அனுப்பிப் பணம் செலவழிக்கவும் வேண்டாம். எதுவாக இருந்தாலும் எடுத்துவிட்டு, ஈரத்தை நிறுத்த வேண்டியதுதான்.

ஆனால் வீட்டில் கீமோ எடுப்பவர், சிறுநீரகம் மாற்றியவர், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர் யாராவது இருந்தால் பயப்படத்தான் வேண்டும். அவர்கள் சுத்தம் செய்யும் வேலையில் இறங்கவே கூடாது, அந்த நேரத்தில் வீட்டில் இருக்கவும் கூடாது. ஆஸ்துமாக்காரர்களுக்கும் இதேதான். உங்களுக்கு வீசிங் உண்டென்றால் கணவர் செய்யட்டும்.

அளவு விஷயம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 10 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக்காரர்களே சுத்தம் செய்யலாம் என்கிறது. உங்களுடையது அதற்குள்தான் வருகிறது. அதற்கு மேல் பரவியிருந்தாலோ, சாக்கடைத் தண்ணீர் புகுந்த வீடாக இருந்தாலோ, ஏ.சி. குழாய்க்குள் பிடித்திருந்தாலோ தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

செய்யும் விதம் இது. என்95 மாஸ்க் போடுங்கள், மூக்கின்மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். துணி மாஸ்க்கும் பச்சை சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் போதாது. ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. அதில் ஓட்டை இல்லாத வகை கிடைத்தால் நல்லது. அறைக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஃபேனும் ஏ.சி.யும் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சையின் வித்து வீடு முழுக்கப் பறக்கும். காய்ந்த சுவரைத் துடைப்பத்தால் தட்டுவதும் பிரஷ்ஷால் சுரண்டுவதும்தான் எல்லோரும் செய்வது, அதைத்தான் செய்யக் கூடாது. முதலில் ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து ஈரமாக்குங்கள். துணி துவைக்கும் லிக்விட் கொஞ்சம் கலந்த தண்ணீர் போதும். பிறகு துணியால் துடைத்தெடுங்கள். துணியைத் திரும்பத் திரும்ப அதே வாளியில் முக்காதீர்கள். பழைய துணிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். உரிந்து தொங்கும் பெயிண்ட்டையும் ஈரமாக்கித்தான் எடுக்க வேண்டும். கடைசியில் சுத்தமான தண்ணீரில் ஒரு முறை துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் வேண்டாம், அது ஒரு பக்கம் இழுத்து மறு பக்கம் ஊதும். உடுத்திய துணியை அங்கேயே மாற்றி நேராக வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுக் குளியுங்கள்.

பிளீச் எதற்கு என்று கேட்பீர்கள். டைல்ஸ், கண்ணாடி மாதிரி தண்ணீர் குடிக்காத பரப்பில் வேலை செய்யும். சிமென்ட் பூச்சு தண்ணீர் குடிக்கும். பிளீச் மேலோடு வெளுத்துவிட்டு நிற்கும், அதில் உள்ள தண்ணீர் மட்டும் உள்ளே போகும். கறுப்பு மறைந்ததும் பூஞ்சை போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். செத்த பூஞ்சையும் அலர்ஜியைக் கிளப்பும். அதனால் கொல்வதைவிடத் துடைத்து வெளியே எடுப்பதுதான் முக்கியம்.

---

சைட் எஞ்சினியர் குமரன் · நவம்பர் 27, காலை 7:05

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அதோடு நிறுத்தினால் அடுத்த மழையில் அதே இடத்தில் திரும்ப வரும். பூஞ்சையின் வித்து எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும். அதைத் துரத்த முடியாது. ஈரம் கிடைத்த இடத்தில் முளைக்கும், கிடைக்காவிட்டால் சும்மா கிடக்கும். ஆகவே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை பெயிண்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள், ஓனரையும் செலவழிக்க விடாதீர்கள்.

ஓதம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை ஏறி, விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் நிலத்து ஈரம் அஸ்திவாரம் வழியாக ஏறுகிறது. பழைய தரைத்தள வீடுகளில் இது சகஜம். சுவரின் நடுவில் திட்டாக இருந்தால், மறுபக்கம் பாத்ரூம் இருக்கிறதா, உள்ளே குழாய் போகிறதா, வெளிப்பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கூரை மூலையில் தொடங்கினால் மொட்டைமாடி. பெரிய ஈரத்திட்டு எதுவும் இல்லாமல் பீரோவுக்குப் பின்னால் மட்டும் பொடிப் புள்ளிகள் என்றால், காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. மீனா மேடம், உங்கள் வீட்டில் கடைசி இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன்.

சந்தேகத்தைத் தீர்க்க, சமையலறையில் இருக்கும் அலுமினியம் ஃபாயிலே போதும். சுத்தம் செய்த பிறகு, மூலையில் ஒன்று, பீரோவுக்குப் பின்னால் ஒன்று என்று இரண்டு இடங்களில் ஒரு முழம் சதுரத்துக்குச் சுவர் மேற்பரப்பைக் காய வையுங்கள், தேவைப்பட்டால் ஹேர் டிரையரால். அங்கே ஃபாயிலை வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஓரிரு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். சுவரைத் தொடும் பக்கம் ஈரமாக இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கம் முத்து முத்தாக இருந்தால் அறைக் காற்றின் ஈரம்.

சில வீடுகளில் வெள்ளைப் படிவத்தைப் பூஞ்சை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். விரலில் தண்ணீர் தொட்டு வைத்துப் பாருங்கள். கரைந்து போனால் உப்பு. உப்பு உடம்பை ஒன்றும் செய்யாது. ஆனால் சுவர் தண்ணீர் குடிக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு, ஏ.சி. பிளக் எதுவும் இருந்தால் சுத்தம் செய்யும் முன் மெயினை அணையுங்கள். சுவரைத் தொட்டால் லேசாகச் 'சுர்' என்றால் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா என்று அவரிடமே பார்க்கச் சொல்லுங்கள். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் இருப்பதில்லை.

---

மாயவரம் பெரியவர் · நவம்பர் 27, காலை 8:30

அம்மா மீனா, மாமியார் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் ஐப்பசி கார்த்திகை பூராவும் சாயந்திரம் சாம்பிராணி உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்போம். இந்தக் கறுப்புப் புள்ளியை எல்லாம் நாங்கள் பார்த்ததே இல்லை. இப்போது பட்டி வைத்து, வழவழவென்று எமல்ஷன் அடித்து, சுவரின் மூச்சை அடைத்துவிடுகிறார்கள்.

---

நுரையீரல் வார்டு அக்கா · நவம்பர் 27, காலை 9:10

ஐயா, சுண்ணாம்பு பற்றி எஞ்சினியர் தம்பி சொல்லட்டும். சாம்பிராணி மட்டும் இந்த வீட்டில் வேண்டாம். புகை வாடையை மறைக்கும், சுவரில் ஊறிய பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அந்தப் புகையே வீசிங் குழந்தைக்கு ஆகாது, ஊதுவத்தியும் கொசுவத்திச் சுருளும் அப்படித்தான். பூஜை அறையில் சாஸ்திரத்துக்குக் கொஞ்சம் போடுவதானாலும் பையன் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டாம்.

பீரோவில் போடும் அந்துருண்டையையும் பற்றி ஒரு வார்த்தை. நாஃப்தலீன் உருண்டை பூஞ்சைக்கு மருந்து இல்லை. ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் ஒரு என்சைம் குறைவு) உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி ரத்த அணுக்களையே உடைக்கக்கூடும். பிறந்த குழந்தையின் துணி வைக்கும் அலமாரியில் அதைப் போடவே போடாதீர்கள்.

---

சைட் எஞ்சினியர் குமரன் · நவம்பர் 27, காலை 9:45

பெரியவர் சுண்ணாம்பு பற்றிச் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை வளராது. சுவர் குடித்த ஈரம் அதன் வழியாக வெளியேறவும் முடியும். நாளாக ஆகக் காற்றோடு சேர்ந்து அந்தக் காரம் குறையும், அதனால்தான் வருஷா வருஷம் அடித்தார்கள். ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவர்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய பெயிண்ட்டையும் பட்டியையும் முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சுரண்டும்போது அக்கா சொன்ன மாஸ்க், ஈரம் எல்லாம் பொருந்தும். அடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுண்ணாம்பு கண்ணைப் பறித்துவிடும்.

உள்பக்கம் டேம்ப் ப்ரூஃப் அடிப்பது பற்றி ஓனருக்குப் புரியும்படி சொல்லுங்கள். மேலேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது உள்பக்கத்தை அடைத்தால், தண்ணீர் வேறு வழி தேடும். பக்கத்து மூலையில் வரும், இல்லாவிட்டால் கான்கிரீட்டுக்குள் தங்கும். உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட் பிளந்து கூரையிலிருந்து காரை விழும். குழந்தை தூங்கும் கட்டிலுக்கு மேலே அது விழ வேண்டுமா என்று கேளுங்கள். பின்னால் வரும் கான்கிரீட் செலவைவிட மொட்டைமாடி வேலை அவருக்கு மலிவு.

---

குன்னூர் மலர்விழி · நவம்பர் 27, பகல் 12:15

மலையில் எங்களுக்கு வருஷத்தில் பாதி நாள் இதே பாடுதான். மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வரும். பீரோ, கட்டில், புத்தக அலமாரி எதையும் சுவரோடு ஒட்டி வைப்பதில்லை, கை நுழையும் இடைவெளி விடுவோம். வெளிச்சுவர்ப் பக்கம் வைக்காமல் உள்சுவர்ப் பக்கம் வைப்போம். துணியை முழுக்கக் காயாமல் மடித்து உள்ளே வைத்தால் அலமாரி முழுக்கக் கெட்டுவிடும். ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி மாட்டுங்கள், சில நூறு ரூபாய்தான். 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 50-க்குள் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது.

பூஞ்சை பிடித்த பட்டுப்புடவையை வீட்டுக்குள் உதறாதீர்கள். வெளியே எடுத்துப்போய் மென்மையான பிரஷ்ஷால் நீவி, நிழலில் காற்றாட விட்டு, அப்புறம் டிரை கிளீனிங். பருத்தித் துணிகளுக்கு வெந்நீரும் நல்ல வெயிலும். பஞ்சு மெத்தைக்குள் பிடித்துவிட்டால் மட்டும் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

---

ஈஸ்ட்ஹாம் சிவா · நவம்பர் 27, மாலை 6:50

லண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் ஆட்கள் இருக்கும் வாடகை ஃபிளாட்டுகளில் குளிர்காலம் வந்தாலே ஜன்னல் ஓரமெல்லாம் கறுப்பு. சமையல் ஆவி, குளியல் ஆவி, ரேடியேட்டர்மேல் காயப்போடும் துணி, எல்லா ஈரமும் குளிர்ந்த சுவரில் போய் உட்காரும். எங்களுக்குச் சொல்லப்படும் வழி ஒன்றுதான். சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், வீட்டைச் சூடாக வைத்திருங்கள். நீங்களும் ஜன்னலைத் திறந்தே வையுங்கள் மீனா.

ராச்டேல் ஊரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பூஞ்சையாலேயே இறந்துபோனான். பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டும் வீட்டைச் சரிசெய்யவில்லை. அவன் பெயரால் அவாப் சட்டம் வந்து, இங்கிலாந்தில் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு (நகராட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகள்) நடைமுறைக்கு வந்திருக்கிறது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு நிர்வாகம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். கணிசமான ஆபத்து என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் பொறுத்துக்கொண்டு இருக்கும் குடும்பங்கள் எங்கள் சனத்தில் நிறைய.

---

சைட் எஞ்சினியர் குமரன் · நவம்பர் 27, இரவு 8:20

சிவா, உங்கள் ஊருக்கு அது சரி. சென்னைக்கு அப்படியே பொருந்தாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இங்கே பல பேர் யூடியூப்பில் வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு மழையில் ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள்.

5 டிகிரியில் உள்ள காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 7 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அதை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 17 கிராம் வரை தாங்கும் காற்றாகிவிடும், அதாவது வறண்ட காற்று. அது அறையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். லண்டனில் ஜன்னல் திறப்பது பலன் தருவது இதனால்தான். சென்னையில் கார்த்திகை மழையில் வெளிக்காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 90-க்கு மேல். அதில் ஏற்கெனவே 20 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கிறது. நாம் ஜன்னலைத் திறந்தால் ஈரத்தைத்தான் உள்ளே அழைக்கிறோம். அதிலும் ஏ.சி. 22-இல் ஓடி, சுவர் குளிர்ந்திருக்கும் அறையில் அந்தக் காற்று புகுந்தால் சுவர் வியர்க்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே நீர் கோப்பது மாதிரிதான்.

ஆகவே இங்கே மழை கொட்டும் நேரத்தில் படுக்கையறை ஜன்னலைச் சாத்துங்கள். வெயில் அடிக்கும் மதிய நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் எந்தக் காலத்திலும் ஓடட்டும். ஏ.சி. இருந்தால் டிரை மோடில் போடுங்கள், அது காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே விடும். அந்தத் தண்ணீர் போகும் குழாய் சுவருக்குள் புதைத்திருந்தால் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். படுக்கையறையில் ஈரத்துணி காயப்போடுவதை நிறுத்துங்கள். மழையில் வேறு வழியே இல்லை என்றால் ஹாலில் ஃபேனுக்கு அடியில் போடுங்கள்.

(சுத்தம் செய்யும் நேரத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அப்போது ஜன்னல் திறந்துதான் இருக்க வேண்டும், மழை இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.)

---

ஈஸ்ட்ஹாம் சிவா · நவம்பர் 27, இரவு 8:41

இந்தக் கணக்கு எனக்குப் புதிது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவிடமும் ஜன்னலைத் திறக்கச் சொல்லித்தான் போன கிழமை சொன்னேன். இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்கிறேன், அங்கேயும் இதே மழைதானே.

---

தூத்துக்குடி ஸ்டெல்லா · நவம்பர் 28, காலை 10:05

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றியும் இங்கே இருக்கட்டும், தேடி வருபவர்களுக்கு உதவும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கூரை ஒழுகலும் இதுவும் ஒன்றல்ல. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும்.

தண்ணீர் வடிந்ததும் முதல் இரண்டு நாள்தான் முக்கியம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்தால் பல பொருள்களைப் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றலாம். கரண்ட் இல்லாத ஊரில் அது எவ்வளவு கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். மெத்தை, தலையணை, சோபா, பார்ட்டிகிள் போர்டு அலமாரி, ஊறிய அட்டைப்பெட்டி எல்லாம் போனதுதான். மனசு கேட்காது, கல்யாணத்துக்கு வந்த மெத்தையாக இருக்கும். ஆனாலும் வெளியே போட்டுவிடுங்கள். ஸ்டீல் பாத்திரம், ஸ்டீல் பீரோ, தேக்கு மரச் சாமான், பிளாஸ்டிக் நாற்காலி இவற்றைக் கழுவிக் காய வைக்கலாம். மரச்சாமானை அவசரப்பட்டுக் கடும் வெயிலில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் போர்டு ஊறிவிட்டால் திரும்பாது, அதன் மேலே ஒட்டியிருக்கும் காகிதம் பூஞ்சைக்கு நல்ல தீனி.

---

எழும்பூர் வக்கீல் · நவம்பர் 28, மதியம் 2:30

மீனா, சட்டப்படி உங்கள் நிலையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சம்பந்தமான பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய் மாற்றுவது ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்று அதன் அட்டவணை சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தால் அதையும் பார்க்க வேண்டும், ஆகவே அக்ரிமென்ட்டை எடுத்து ஒரு முறை படியுங்கள். மொட்டைமாடி ஒழுகல் அமைப்புப் பழுதுதான், அதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் நேராகச் சட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ஓனருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். வாயால் சொன்னது பிறகு எதற்கும் ஆகாது. பையனின் மருத்துவச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். "உங்கள் வீட்டுக் கம்பி துருப்பிடிக்கும்" என்று குமரன் சொன்னதை அவரிடம் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, குடியிருப்பவரின் இருமலைவிட அது வேகமாக வேலை செய்யும், வருத்தம்தான். உங்கள் கையிலிருந்து செலவு செய்து வாடகையில் கழிப்பதாக இருந்தால் அதற்கு முன் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள்.

---

மடிப்பாக்கம் மீனா · டிசம்பர் 3, இரவு 8:15

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தபோது கணவர் என்95, கையுறை எல்லாம் போட்டுச் சுத்தம் செய்தார். நானும் பையனும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டோம். சோப்புத் தண்ணீரிலேயே பெரும்பாலும் வந்துவிட்டது. லேசான சாம்பல் கறை மட்டும் நிற்கிறது.

குமரன் சார், ஃபாயில் சோதனை செய்தோம். மூலையில் ஒட்டியதில் சுவர்ப் பக்கம் நல்ல ஈரம். பீரோவுக்குப் பின்னால் ஒட்டியதில் அறைப் பக்கம் லேசாக முத்து. நீங்கள் சந்தேகப்பட்டது போல இரண்டும்தான். மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் வேப்பிலைச் சருகு அடைத்து, எங்கள் மூலைக்கு நேர் மேலே குளம் கட்டி நிற்கிறது. தளத்தில் பதித்த தட்டோடுகள் இரண்டு மூன்று வெடித்திருக்கின்றன, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பினேன். நேற்று மேஸ்திரியோடு வந்து பார்த்தார், செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இப்போது எந்த வரிசையில் செய்யச் சொல்வது? அந்தச் சாம்பல் கறையை மறுபடி தேய்க்க வேண்டுமா? இலவம்பஞ்சு மெத்தை சுவரோரம் இருந்தது, மேலே எதுவும் தெரியவில்லை. ஆனால் வாடை இருக்கிறது.

---

சைட் எஞ்சினியர் குமரன் · டிசம்பர் 3, இரவு 9:30

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். சருகை இன்றைக்கே அள்ளிவிடுங்கள், குழாய் வாயில் கம்பி வலைக் குமிழ் ஒன்று மாட்டச் சொல்லுங்கள். பாதி ஒழுகல் அதிலேயே நிற்கும். மழைக்கு நடுவில் தட்டோட்டுக்கு அடியில் ஈரம் இருக்கும்போது அதன்மேல் வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் அடித்தால் நிற்காது, கொப்புளிக்கும். இப்போதைக்குச் சரிவு பார்த்துத் தார்ப்பாய் போட்டு வைக்கட்டும். தை பிறந்து வெயில் ஏறியதும் வெடித்த தட்டோடுகளை எடுத்து, கீழே உள்ள ஜல்லிப் போர்வை ஊறியிருக்கிறதா என்று பார்த்து, காய விட்டு, புது ஓடு பதித்து, இடுக்கெல்லாம் பாயிண்டிங் செய்ய வேண்டும். கைப்பிடிச் சுவர் ஓரத்து விரிசலை வெட்டிச் சரிவாகக் காரை வைத்து அடைக்க வேண்டும். அதுதான் கடினமான இடம், மேஸ்திரி அவசரப்பட விடாதீர்கள்.

முடித்ததும் குழாய் வாயை அடைத்து மாடியில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வையுங்கள். கீழே ஈரம் வராவிட்டால்தான் வேலை முடிந்தது என்று கூலி கொடுக்கச் சொல்லுங்கள்.

உள்சுவர் கடைசியில்தான். ஊறிய செங்கல் சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்று கட்டட ஆட்கள் பொதுவாகக் கணக்குச் சொல்வதுண்டு. உங்கள் மூலை மேலோட்டமாக ஊறியிருந்தால் அதைவிடச் சீக்கிரம் காயும். பொங்கலுக்குள் நிச்சயம் காயாது. உரிந்த பெயிண்ட்டை எடுத்துவிட்டு அப்படியே திறந்து விடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. மாசி பங்குனியில் மறுபடி ஃபாயில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் பட்டி, பிரைமர், பெயிண்ட். சுண்ணாம்புக்கு ஓனர் சம்மதித்தால் அந்த ஒரு சுவருக்காவது அடியுங்கள், பெரியவர் சந்தோஷப்படுவார்.

சாம்பல் கறை வெறும் கறைதான். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பூச்சைக் கெடுக்க வேண்டாம்.

---

நுரையீரல் வார்டு அக்கா · டிசம்பர் 3, இரவு 10:05

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் மீனா. வாடை இருந்தால் உள்ளே பிடித்திருக்கிறது. பஞ்சைக் கொட்டி வெயிலில் அடித்துத் திரும்பத் தைத்துத் தருகிறேன் என்று ஆள் வருவார், இந்த மெத்தைக்கு அதைச் செய்யாதீர்கள். அடிக்கும்போது பறப்பதை அந்த ஆளும் சுவாசிப்பார்.

பையன் எப்படி இருக்கிறான்?

---

மடிப்பாக்கம் மீனா · டிசம்பர் 4, காலை 6:50

ஹாலில்தான் படுக்கிறான் அக்கா. ராத்திரி இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. டாக்டரிடம் சுவர் போட்டோவைக் காட்டினேன், இன்ஹேலரைத் தொடரச் சொல்லி, மாத முடிவில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். சுவர் காயும் வரை அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. மெத்தையை இன்றைக்குக் கட்டிப் போட்டுவிடுகிறேன். மொட்டைமாடி வேலை முடிந்து தண்ணீர் கட்டிப் பார்த்ததும் இங்கேயே வந்து எழுதுகிறேன்.